ஊருக்குப் போய்வந்த பிறகு பேசுங்கள்

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே பல வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: லீவுக்கு எங்கே போவது? ஊட்டியா, கொடைக்கானலா, கேரளமா, தீம் பார்க்கா? ரயில் டிக்கெட் கிடைக்குமா, அறை வாடகை எவ்வளவு, அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்பு தருவார்கள் என்று பெற்றோர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். இந்த அக்கறையில் பொய் கிடையாது. பிள்ளைக்கு ஏழு வயது ஒருமுறைதான் வரும். அந்த வயதில் அது நம்மோடு சேர்ந்து நல்லதாக நாலு விஷயம் பார்க்க வேண்டும், வளர்ந்தபின் அதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. ஆனால் அப்படிப் போடும் திட்டத்தில் இடம், தேதி, செலவு என்ற மூன்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த இடத்தில் பிள்ளைக்கு என்ன வேலை, யார் அதோடு நின்று பேசப்போகிறார்கள், வீடு திரும்பிய பிறகு அந்த அனுபவம் என்ன ஆகப்போகிறது என்ற வேறு மூன்று இருக்காது. குழந்தைகளின் நினைவைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளைப் பார்த்தால், திட்டத்தில் விட்டுப்போன இந்த மூன்றும்தான் ஓர் அனுபவத்தைப் பிள்ளையின் சொந்தமாக்குகின்றன என்று தெரிகிறது. எங்கே போகிறோம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

1980-களில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம். உளவியல் ஆய்வாளர்கள் ராபின் ஃபிவுஷ், ஜூடித் ஹட்சன், கேத்தரின் நெல்சன் ஆகியோர், அந்நகரிலுள்ள யூத மியூசியத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட மழலையர் வகுப்புப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே தொல்லியல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மணல் நிரப்பிய தொட்டியில் புதைத்து வைத்திருந்த பொருள்களைப் பிள்ளைகள் தோண்டி எடுத்தார்கள். களிமண்ணில் தாங்களே உருவங்கள் செய்தார்கள். போய்வந்த அன்றும், ஆறு வாரம் கழித்தும், ஓர் ஆண்டு கழித்தும் அவர்களிடம் விசாரித்தபோது நடந்ததைச் சொல்ல முடிந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிள்ளைகளிடம், மியூசியத்துக்குப் போனபோது என்ன நடந்தது என்று மொட்டையாகக் கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே விழித்தார்கள். மணலில் தோண்டியதை ஒரு சொல்லில் நினைவுபடுத்தி, அன்று எடுத்த புகைப்படங்களையும் காட்டியதும் பலர் விவரங்களைச் சொன்னார்கள், அவற்றில் பெரும்பகுதி சரியாகவும் இருந்தது. அனுபவம் உள்ளே இருந்திருக்கிறது. தானாக அதைத் தேடிப் போகத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை. ஆய்வில் அந்த வழியை ஆய்வாளர்கள் காட்டினார்கள். வீட்டில் அந்த வேலை பெற்றோருடையது.

மறதி எந்த வயதில், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பாவர், மெரினா லார்கினா இருவரும் மூன்று வயதுப் பிள்ளைகள் தங்கள் தாயோடு அண்மையில் நடந்தவற்றைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்துவைத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலரை ஐந்து வயதில், சிலரை ஆறில், ஏழில், எட்டில், ஒன்பதில் சந்தித்து அதே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, ஐந்து முதல் ஏழு வயதுவரை இருந்தவர்கள் அந்த நிகழ்ச்சிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதினரிடம் 40 விழுக்காடுகூட மிஞ்சவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஞாபகசக்தி இல்லை என்று நாம் நினைப்பது தவறு. அதற்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் எங்கே, எப்போது, யாரோடு, ஏன் என்று கோத்துக் கதையாகச் சொல்லும் திறன் இன்னும் முற்றாத வயது அது. கோக்கப்படாத நிகழ்ச்சிகள் ஏழெட்டு வயதுக்குள் உதிர்ந்துவிடுகின்றன.

பேச்சு கட்டிக்காக்கும் நினைவு

உதிராமல் காப்பது எது என்ற கேள்விக்கு மிக உறுதியான விடை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறது. எலைன் ரீஸும் அவருடைய சகாக்களும், ஃபிவுஷோடு சேர்ந்தும் தனியாகவும், தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளோடு பழைய நிகழ்ச்சிகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். சிலர் பரீட்சை வைப்பதுபோல ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சிலர் பிள்ளை சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதோடு இன்னொரு விவரம் சேர்த்து, மேலே சொல்ல இடம் விட்டுக் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது விதமாகப் பேசும் தாய்மாரின் பிள்ளைகள் நடந்ததை விரிவாகச் சொல்லப் பழகுகிறார்கள். அப்படிப் பேச்சில் வளர்ந்த பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மறுபடி விசாரித்தபோது, அவர்கள் சொன்ன முதல் ஞாபகமே மற்றவர்களுடையதைவிட இளம் வயதைச் சேர்ந்ததாக இருந்தது என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டு விதப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு குடும்பம் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்த மறுநாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் பேச்சு இப்படிப் போகும். “ஜூவுல என்னென்ன பார்த்தே, சொல்லு?” “புலி.” “என்ன கலர் புலி?” “வெள்ளை.” “வேற?” பிள்ளை முழிக்கிறது. “நேத்துதானே போனோம், அதுக்குள்ள மறந்துட்டியா?” அதோடு பேச்சு முடிந்தது. இன்னொரு வீட்டில், “அந்த வெள்ளைப் புலி நம்ம பக்கம் திரும்பிச்சே, அப்ப நீ என்ன பண்ணினே?” என்று அம்மா தொடங்குகிறார். “ஒளிஞ்சுகிட்டேன்.” “ஆமா, என் புடவைக்குப் பின்னாடி வந்து நின்னுகிட்டே. ஏன் கண்ணு?” “அது கத்துச்சு.” “கத்துச்சா? எனக்கு அது கொட்டாவி விட்ட மாதிரில்ல இருந்துச்சு!” “இல்லம்மா, கத்துச்சு. தாத்தாகூட என் கையப் பிடிச்சுகிட்டாரு.” “அட, தாத்தாவும் பயந்துட்டாரா? வா, அவரையே கேப்போம்.” முதல் பேச்சில் பிள்ளை விடை சொல்ல வேண்டிய மாணவன். இரண்டாவதில் அது கதை சொல்லும் ஆள். அம்மாவிடம் மறுத்துப் பேசும் உரிமையும் அதற்கு இருக்கிறது. பயம், அதற்குக் காரணம், பக்கத்தில் இருந்தவர், அவர் செய்த காரியம் எல்லாம் ஒரே கோவையாகச் சேர்ந்துவிட்டன. இதற்கு ஆன நேரம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

பேச்சின் பழக்கம் ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மாறுகிறது. அதற்கேற்ப நினைவும் மாறுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ச்சி வாங், அமெரிக்க வெள்ளையினத் தாய்மாரையும் சீனத் தாய்மாரையும் ஒப்பிட்டபோது, முன்னவர்கள் பிள்ளையின் விருப்பம், உணர்ச்சி பற்றி விரிவாகப் பேசுவதையும், பின்னவர்கள் ஒழுக்கம், நடத்தை பற்றி அதிகம் பேசுவதையும் கண்டார். அதற்கேற்ப அமெரிக்கர்கள் சொல்லும் முதல் ஞாபகம் சீனர்களுடையதைவிட முந்தியதாக இருந்தது. நியூசிலாந்தில் நடந்த வேறோர் ஆய்வில், குலக்கதையையும் முன்னோர் வரலாற்றையும் வாய்மொழியாகப் போற்றும் மாவோரி மக்களின் முதல் ஞாபகம், அங்கேயே வாழும் ஐரோப்பிய வம்சாவளியினருடையதைவிட இளவயதுக்குப் போனது. நம் வீடுகளில் இரண்டு பழக்கமும் உண்டு. கதை சொல்லித் தூங்கவைக்கும் பாட்டிகளும் நம்மிடம் இருக்கிறார்கள். “பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே” என்ற அதட்டலும் நம்மிடம் இருக்கிறது. பாட்டி சொல்லும் கதையைப் பிள்ளை கேட்பதோடு, பிள்ளை சொல்லும் கதையைப் பாட்டி கேட்பதும் நடக்க வேண்டும். அதற்கென்று நேரம் ஒதுக்குவதுதான் நான் சொல்லும் திட்டமிடலின் முதல் பகுதி.

கூடமாட ஒரு வேலை

இரண்டாவது பகுதி, பிள்ளைக்கு ஒரு பொறுப்பு. நியூயார்க் பிள்ளைகளின் ஞாபகத்தைத் தட்டி எழுப்பிய குறிப்புகளில் ஒன்று அவர்கள் தங்கள் கையால் தோண்டிய மணல். பிள்ளைகளுக்குக் கூடமாட வேலை செய்யும் ஆசை இயல்பாகவே இருக்கிறது. பதினெட்டு மாதக் குழந்தைகளின் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் துணி மாட்டும் கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பதுபோல் காட்டினால், யாரும் சொல்லாமலே பல குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன என்று ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006-ல் காட்டினார்கள். குவாத்தமாலாவின் மாயன் சமூகங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பார்பரா ரோகாஃப், அங்கே பிள்ளைகள் பெரியவர்களின் அன்றாட வேலைகளைப் பக்கத்திலிருந்து பார்த்து, தங்களால் ஆனதைச் செய்து, அப்படியே கற்றுக்கொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். கிராமத்தில் களத்து மேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் வளர்ந்த நம் முந்தைய தலைமுறைக்கு இது புதிய செய்தி கிடையாது. இன்றைய நகரத்து வீட்டில்தான் மூன்று வயதுக் குழந்தை சப்பாத்தி மாவைத் தொட்டதும் “கை வைக்காதே, போய் விளையாடு” என்று கையில் செல்போனைக் கொடுத்து அனுப்புகிறோம். பத்து வயதில் அதே பிள்ளை ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைப்பதில்லை என்று குறைப்படுகிறோம். கூடச் சேர வந்தபோது சேர்த்துக்கொள்ளாததன் பங்கு அந்தக் குறையில் உண்டு.

ஒரு நாள் பயணத்தை இந்த இரண்டு பகுதிகளோடும் எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று கூட்டம் கூட்டமாகப் பறவைகள் தங்கும். வழக்கமாக நாம் காரில் போய் இறங்கி, கரைமேல் நடந்து, கோபுரத்தில் ஏறி, படம் எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்புகிறோம். அதே பயணத்துக்கு முந்தின வாரம் ஒன்பது வயது மகளிடம் வழியை விட்டுவிடலாம். மதுராந்தகம்வரை ரயிலா பஸ்ஸா, அங்கிருந்து எப்படி, டிக்கெட்டுக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று அவள் கேட்டு எழுதட்டும். ஐந்து வயதுத் தம்பிக்கு ஒரே ஒரு மரம். அந்த மரத்தில் எத்தனை கூடு, எந்தக் கூட்டில் குஞ்சு என்று அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மாலையில் இரைதேடப் போன பறவைகள் திரும்பும்வரை உட்கார்ந்திருக்கலாம். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதால்தான் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அதைக் கரையில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டினால், பாடப் புத்தகத்தில் வரும் உணவுச் சங்கிலி கண்முன்னால் நிற்கும். திரும்பும் வழியில் தம்பியின் மரத்தைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த ஆண்டு அதே மாதம் அதே மரத்தைத் தேடிப் போகலாம். இத்தனைக்கும் கூடுதலாகச் செலவானது ஒன்றுமில்லை.

கீழடியிலும் இதே முறை பலிக்கும். 2023-ல் அங்கே திறக்கப்பட்ட அகழாய்வு அருங்காட்சியகத்தில் சுடுமண் பகடைகளையும் வட்டமாகத் தேய்த்த விளையாட்டுச் சில்லுகளையும் பார்க்கலாம். எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் சுற்றிக் களைப்பதைவிட, பிள்ளையோடு அந்தச் சில்லுகளின் முன்னால் பத்து நிமிஷம் நிற்பது பயனுள்ளது. வீட்டுக்கு வந்து உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேய்த்து, வாசலில் கட்டம் போட்டு நொண்டி ஆடினால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பிள்ளையின் கையும் தன் கையும் ஒரே விளையாட்டைத்தான் ஆடியிருக்கும் என்ற எண்ணம் அதற்குத் தானாக வரும்.

மூன்றாவது பகுதி, திரும்பத் திரும்ப வருவது. எப்போதோ ஒருமுறை நடக்கும் பெரிய நிகழ்ச்சி தனித்து நினைவில் நிற்கும். அடிக்கடி நடப்பவை ஒன்றாகக் கலந்து, “ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான்” என்ற பொதுவான சித்திரமாகிவிடும் என்று கேத்தரின் நெல்சனின் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் வழக்கத்தால் என்ன பயன் என்று தோன்றலாம். குடும்ப வழக்கங்கள், சடங்குகள் குறித்து ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் பார்பரா ஃபீஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, அவை பிள்ளையின் நலத்தோடும் படிப்போடும் குடும்பப் பிணைப்போடும் தொடர்புள்ளவை என்று காட்டுகிறது. தனி நிகழ்ச்சியாக நிற்காவிட்டாலும், “எங்கள் வீடு இப்படிப்பட்டது” என்ற உறுதியை வழக்கம்தான் கொடுக்கிறது. ஆகவே இரண்டையும் இணைப்பதே நல்ல திட்டம். ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது வழக்கம் என்றால், சித்ரான்னம் கிளறுவதை ஓர் ஆண்டு மகனிடம் விடலாம், மறு ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். மாறாத ஒன்றுக்குள் மாறும் ஒன்று இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் தனித்துத் தெரியும்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். மியூசியத்தில் பார்த்து மட்டும் வந்த பொருள்களைவிட, படம் எடுத்த பொருள்களைப் பார்வையாளர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2014-ல் லிண்டா ஹென்கல் கண்டார். அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை உற்றுநோக்கி நெருக்கமாகப் படம் எடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. நியூயார்க் பிள்ளைகளுக்கோ ஆறு ஆண்டுக்குப் பின் படம்தான் கைகொடுத்தது. ஆகவே படம் வேண்டாம் என்பது என் கட்சி கிடையாது. செல்போனில் ஐந்நூறு படம் எடுத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் விடுவதால் யாருக்கும் லாபமில்லை. நாலைந்து படத்தை அச்சிட்டு, பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மழை பெய்யும் ஒரு மாலையில் சேர்ந்து புரட்டினால் அந்தப் படங்கள் தம் வேலையைச் செய்யும்.

எழக்கூடிய மறுப்புகள்

மூன்று வயதுக்கு முன் நடந்தது எப்படியும் மறந்துதான் போகும், பிறகு எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்பார்கள். நிகழ்ச்சி மறந்துபோவது ஒன்று, அதனால் பிள்ளைக்குள் ஏற்பட்ட மாற்றம் மறைவது வேறொன்று. நாம் யாரும் பேசக் கற்றுக்கொண்ட நாளை நினைவில் வைத்திருக்கவில்லை. பேச்சு நம்மோடு இருக்கிறது. அழுதால் ஆள் வரும் என்ற நம்பிக்கை, தண்ணீரையும் மண்ணையும் தொட்டுப் பார்த்த துணிச்சல், கேட்ட சொற்கள் எல்லாம் அந்த வயதில்தான் சேர்கின்றன. பிற்காலத்தில் நினைவுகூர வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையோடு நேரம் செலவிடுவது அந்தப் பிள்ளையின் இன்றைய நாளைக் குறைத்து மதிப்பதாகும். இன்று அது சிரித்ததே போதுமான காரணம்.

எல்லாவற்றையும் பெற்றோரே திட்டமிட்டால் பிள்ளைப் பருவத்தின் சுதந்திரம் என்னாவது என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பெரியவர் வழிநடத்தாத விளையாட்டு மூளை வளர்ச்சிக்கும் மன உறுதிக்கும் தேவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியது. கோடை முகாம், நீச்சல், அபாக்கஸ், பாட்டு வகுப்பு என்று காலை முதல் இரவுவரை நிரப்பப்பட்ட விடுமுறை, பள்ளி நாளைவிடக் கொடியது. நான் சொல்லும் திட்டம் நேரத்தை நிரப்புவதற்கு எதிரானது. ஒரு நாளுக்கு ஓரிடம், பிள்ளைக்கு ஒரு பொறுப்பு, மீதி நேரம் வெறுமையாக இருக்கட்டும். பார்க்க வந்ததை விட்டுவிட்டு அது வழியில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றால், நிற்கட்டும். அந்த அவகாசத்தைக் கொடுப்பதற்கும் திட்டம் வேண்டியிருக்கிறது. நாலு இடத்தை ஒரே நாளில் திணித்தவர்களால் அங்கே நிற்க முடியாது.

மூன்றாவது மறுப்பு கனமானது: இதெல்லாம் வசதியும் ஓய்வும் உள்ளவர்களுக்குத்தானே? இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷத்தை அதில் கழித்தார். அவ்வேலையில் ஈடுபடும் ஆணுக்கு அது 97 நிமிஷமாக இருந்தது. ஐந்து மணி நேரம் அடுப்பிலும் துவைப்பிலும் கழியும் ஒருவரிடம் பிள்ளையோடு இன்னும் நேரம் செலவிடு என்று சொல்வது அநியாயம். முதல் விடை, அந்த வேலையில் அப்பாக்கள் பங்கு எடுக்க வேண்டும் என்பது. பிள்ளையோடு பேசும் பொறுப்பை அம்மாவிடம் மட்டும் விடும் எந்தத் திட்டமும் பாதித் திட்டமே. இரண்டாவது விடை, மணிக்கணக்கு இதில் அவ்வளவாக முக்கியமில்லை என்பது. மெலிசா மில்கியும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மூன்று முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு தாய் செலவிடும் நேரத்தின் அளவுக்கும் பிள்ளையின் நடத்தை, மனநலம், படிப்பு ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. கீரை ஆயும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும், இரவுச் சாப்பாட்டின்போதும் நடக்கும் பேச்சுக்குத் தனி நேரமோ தனிப் பணமோ தேவையில்லை. மலைவாசஸ்தலத்துக்குப் போக முடியாத வீட்டிலும் மொட்டை மாடி நிலாச்சோறு சாத்தியம். வசதியுள்ளவர்களால் காசு கொடுத்து வாங்க முடியாததும் இதுதான்.

கடைசி மறுப்பு நுட்பமானது. பேசிப் பேசிப் பதியவைத்தால் அது பிள்ளையின் நினைவா, பெற்றோரின் கதையா? எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-ல் நடத்திய சோதனையில், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றை உறவினர் சொன்னதாகக் காட்டியபோது, பங்கேற்ற 24 பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ தங்கள் நினைவாக ஏற்றார்கள். பேச்சு நினைவைக் காக்கும், திரிக்கவும் செய்யும். இதனால்தான் எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியமாகிறது. “நீ ரொம்பச் சந்தோஷமா இருந்தே” என்று தீர்ப்புச் சொல்வதைவிட “உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்பது நல்லது. புலி கத்தியது என்று பிள்ளை சொன்னால், கொட்டாவிதான் என்று அடித்துச் சொல்லத் தேவையில்லை; இரண்டு பேர் பார்த்ததும் இரண்டாகவே இருக்கட்டும். பயண அலைச்சலில் அப்பா கோபப்பட்டது, அக்காவுக்கு வாந்தி வந்தது, மழையில் நனைந்து அழுதது எல்லாவற்றையும் பேச்சில் அனுமதிக்க வேண்டும். இனிப்பானதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால், கஷ்டம் வந்தபோது குடும்பம் அதை எப்படித் தாண்டியது என்ற பாடம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும்.

அந்தப் பாடத்தின் பெறுமதியை ஃபிவுஷும் அவருடைய சக ஆய்வாளர் மார்ஷல் டியூக்கும் வேறொரு வழியில் அளந்தார்கள். பாட்டி தாத்தா எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்துக்கு வந்த துன்பம் என்ன என்பதுபோன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளை தேறிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டியூக்கே எச்சரித்தார். அந்தக் கதைகள் சொல்லப்படும் சாப்பாட்டு நேரங்கள், சேர்ந்திருக்கும் மாலைகள், கேட்கப் பொறுமையுள்ள பெரியவர்கள் ஆகியவைதான் பலன் தருகின்றன என்பது அவர் கருத்து. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தை நிரூபிக்கவில்லை என்று கறாரான வாசகர் சொல்லலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே ரீஸும் ரொண்டா நியூகம்பும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் விரித்துப் பேசும் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற தாய்மார் பேசும் விதம் மாறியது. பிள்ளைகள் பழையதைப் பற்றிப் பேசும் விதத்திலும் பலன் தெரிந்தது. ஆக, இது சிலருக்கு மட்டும் வாய்த்த குணம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, யாரும் பழகிக்கொள்ளலாம்.

எனவே இந்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது, இடத்தின் பெயரை எழுதிய காகிதத்திலேயே இன்னும் மூன்று வரி சேர்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பயணத்தில் எந்த வேலை முழுக்கப் பிள்ளையுடையது? அது செய்து முடிக்கும்வரை நம்மில் யார் அவசரப்படாமல் கூட நிற்பது? திரும்பி வந்த வாரத்தில் எந்த மாலை, எந்தப் படத்தை வைத்துக்கொண்டு, யார் யார் உட்கார்ந்து பேசுவது? இந்த மூன்றுக்கும் விடை எழுத முடிந்தால் பயணம் வேடந்தாங்கலுக்குப் போனாலும் சரி, நாலு தெரு தள்ளியிருக்கும் சந்தைக்குப் போனாலும் சரி, பிள்ளைக்கு அது சொந்த அனுபவமாகும். விடை எழுத முடியாவிட்டால், செலவைக் கூட்டுவதற்கு முன் ஓரிடத்தைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்த இடத்தின் நேரம் பேச்சுக்கு மிஞ்சும்.